ஆளுக்கு ஒரு ஓட்டு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நாங்கள் சுகம், முழங்கால்கள் மட்டும் சுகமில்லை. லிஃப்ட் நின்றுபோனதிலிருந்து ஐந்து மாடியும் ஏறி அப்பா பெருமூச்சு விடுகிறார், உன் இருமல் போச்சா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நான் விடுகிறேன்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் குழுத் தலைவராக நிற்பதற்கு, என் பேரை நானே எப்படிம்மா கொடுப்பேன், அசிங்கமா இருக்காதா என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில் இப்போது கேள். நம் குடியிருப்புச் சங்கத் தலைவர் கையெழுத்து இல்லாமல் லிஃப்டைத் தொட மாட்டேன் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார், நம் பழைய தலைவரோ வீட்டைக் காலி செய்துகொண்டு எப்போதோ போய்விட்டார். சரி, வீட்டுக்கு ஒரு சீட்டாக ஓட்டுப் போடுவோம் என்று, ஆளுக்கொரு தேசம் ஆளுக்கொரு பாஷையான ஆறு வீட்டுக்காரர்களும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். அப்பா சீட்டுகளைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஓட்டு! அவரவர் கையெழுத்தில் அவரவர் பேர், என்னுடையதும்தான். பரவாயில்லையே, எல்லாருக்கும் ஒரு ரசிகர் இருக்கார் என்றார் அப்பா, அவரை அங்கேயே உருட்டிவிடலாம் போலிருந்தது. அசடு வழிந்ததை மறைக்க எல்லாரும் மொழி ஆராய்ச்சியில் இறங்கினார்கள். இப்படிச் செய்வதற்குப் பல் டாக்டரின் தாய்பாஷையில் 'தன் நாற்காலியைத் தானே சுமந்து வருவது' என்பார்களாம், பேக்கரியம்மா பாஷையில் 'கூப்பிடாமலே அடுப்பில் குதித்த ரொட்டி'யாம், நான் நம்முடைய 'தனக்குத்தானே மகுடம் சூட்டிக்கொள்வதை'ச் சொன்னேன். பியானோ டீச்சர் மட்டும் எங்கள் பாஷையில் அதற்கு வார்த்தையே கிடையாது, நாங்கள் அவ்வளவு அடக்கம் என்றார், அவர் சீட்டில் பேருக்குப் பின்னால் வாங்கிய பட்டமெல்லாம் எழுதியிருந்தது. எந்த மொழியிலும் அதற்கு நல்லதாக ஒரு சொல் இல்லையடி, எல்லாம் திட்டுத்தான்.

மறுபடி ஓட்டு. இந்தத் தடவை வெட்கத்தில் ஆளாளுக்குப் பக்கத்துப் படிக்காரர் பேரை எழுதித் தொலைத்தோம், மறுபடியும் ஆளுக்கு ஒன்று! அப்போது மேலேயிருந்து ஒரு குரல், பியானோ டீச்சரின் கணவர், கால் கட்டோடு இறங்க வழியில்லாமல் கிடக்கிறவர், யாராவது ஒருத்தர் ஆகித் தொலைங்களேன் என்று கத்தினார். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காலேஜ் பரீட்சைக்குப் படித்தவள்தானே நான். கையைத் தூக்கிவிட்டேன். நானே இருக்கிறேன் என்றேன். மகுடம், ரொட்டி, ஒருவர் வாயிலும் வரவில்லை, எல்லாரும் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார்கள், அது மட்டும் எல்லா பாஷையிலும் ஒரே மாதிரி கேட்டது. என் கையெழுத்தில் நேற்று லிஃப்ட் ஓடியது, கால் கட்டுக்காரர் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாயே, மறக்காதே, உன் பேரை நீயே எழுது. அங்கே எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. காதை மூடிக்கொண்டு வெளியே போ, பனி ஆகாது உனக்கு. நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா
(சங்கத் தலைவர்)