எக்ஸிட் நைன் என்ற என் மருமகனுக்கு

என் செல்ல மருமகனே, அகில்,

உன் கல்வெட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிராங்பேர்ட்டில் நம் சனத்தில் யார் போனாலும், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் கல்வெட்டு என்ற அந்த நினைவுப் புத்தகத்தின் வாழ்க்கைக் குறிப்பை என்னிடம்தான் கேட்பார்கள். பத்திரிகைக்காரன் பிழை விடமாட்டான் என்ற நம்பிக்கை. உன் வயதுப் பிள்ளைக்கு நான் இதுவரை எழுதியதில்லை.

'நியூ ஜெர்சியைப் பிறப்பிடமாகவும் பிராங்பேர்ட்டை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, அடுத்த சொல்லில் நின்றுவிட்டேன். உன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, டார்ம்ஸ்டாட்டில இன்ஜினியரிங் படிச்சவன் எண்டு மட்டும் போடுங்கோ. பாட்டுக் கதை வேண்டாம்."

"ஏன் தங்கச்சி?"

"ராப் பாடினவன் எண்டால் போதைத் தூள் அடிச்சுச் செத்தவன் எண்டுதான் சனம் கதைக்கும். மூளைக்காய்ச்சல் எண்டு ஆர் நம்புவினம்?"

அவளைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அந்தக் கதை என் காதுக்கும் வந்திருந்தது. ஆனால் பாட்டை விட்டுவிட்டு உன்னைப் பற்றி எதை எழுதுவது?

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பதினைந்து வயதில் நியூ ஜெர்சி வீட்டில், எதிரொலி வராமலிருக்க அம்மாவின் சேலை அலுமாரிக்குள் இருந்து முதல் பாட்டைப் பதிவு செய்தாய். அங்கே எந்த ஊர் என்று கேட்டால் நெடுஞ்சாலையில் எத்தனையாவது வெளிவழி, அதாவது எத்தனையாவது 'எக்ஸிட்', என்பதைச் சொல்வார்களாம். உங்கள் ஊருக்கு ஒன்பதாவது; அதையே மேடைப் பெயராக வைத்தாய். அப்பாவின் வேலையோடு இங்கே வந்தபின் இளைஞர் மன்றங்களில் பாடினாய், பிறகு பெரிய பாடகர்களின் நிகழ்ச்சிகளில் அவர்கள் மேடையேறும் முன் பாடினாய். நியூவார்க்கில் ஒரு மேடைக்கு உன்னை அழைத்திருந்தார்கள். பிறந்த ஊருக்குப் பக்கத்தில் முதல் மேடை. அதற்கு முன்னரே காய்ச்சல் வந்துவிட்டது.

"மாமா, நீங்கள் எழுதுறதும் நான் எழுதுறதும் ஒண்டுதான். எனக்கு எதுகை வேணும், உங்களுக்குச் சம்பளம் வேணும்" என்று ஒருநாள் சிரித்தாயே, நினைவிருக்கிறதா?

மரண அறிவித்தலை உன் அப்பா வழக்கம்போலப் பதிவுப் பெயரில் கொடுத்தார். அதனால் உன் பாட்டுக் கூட்டாளிகள் ஒருவரும் தகனத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு அகிலன் என்று யாரையும் தெரியாது. நீ வரவேண்டிய ஒத்திகையில் உனக்காகக் காத்திருந்தார்களாம்.

போன சனிக்கிழமை யாஸ்மின் வந்தாள். உன் பாட்டுகளுக்கு இசை அமைத்தவள் என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. நீ படித்த இடத்தில் விசாரித்து வீட்டைத் தேடிக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உன் படத்தின் முன் நின்று அழுதாள். உன் அம்மா குசினிக்குள் போய்விட்டாள். பிறகு, வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கேட்காமல் விட அவளால் ஏலாது, அங்கிருந்தே வாய் தவறித் தமிழில் கேட்டாள்:

"சாப்பிட்டியோ?"

யாஸ்மின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மெதுவாக, உச்சரிப்புப் பிசகாமல், தமிழில் தொடர்ந்தாள்:

"கதவைத் திற, சோறு ஆறுது."

குசினியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. உன் முதல் பாட்டின் நடுவில் அலுமாரிக் கதவைத் தட்டி அம்மா இதே வார்த்தைகளில் கூப்பிட்ட குரலை நீ வெட்டி எடுக்கவே இல்லையாமே! அரங்குகளில் அந்த இடம் வந்ததும் நீ ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாயாம். பொருள் தெரியாத பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்துவார்களாம்.

"இதற்கு என்ன அர்த்தம்? கேட்டால் சிரிப்பான், சொல்லமாட்டான்" என்றாள் யாஸ்மின்.

உன் அம்மா ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். பிறகு அவளை மேசையில் இருத்திச் சோறு போட்டாள். உன் பாட்டை அன்றுதான் முதன்முதலாக முழுவதும் கேட்டாள். தன் குரல் வந்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். அதை ஏன் அவளிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டாய், அகில்?

யாஸ்மின் போனபிறகு உன் அம்மா என்னிடம் வந்தாள்.

"அண்ணை, அந்த மேடைப் பேரையும் போடுங்கோ. பெரிய எழுத்தில போடுங்கோ."

"சனம் கதைக்குமே?"

"கதைக்கட்டும். சமையல்காரரிட்டச் சொல்லுங்கோ, அவன்ர கூட்டாளிமாரும் வருவினம், உறைப்பைக் குறைக்கட்டாம்."

எழுதிவிட்டேன். படிப்பும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது, இரண்டு பெயர்களும் இருக்கின்றன. முப்பத்தோராம் நாள் உன் கூட்டாளிகளை முதல் பந்தியில் நானே இருத்துவேன். அவர்களுடைய சோற்றை ஆறவிடமாட்டேன்.

உன் அம்மாவின் அண்ணன்,
உன் மாமா