மங்கலாகக் காட்டும் டேப்

பிப்ரவரி 9

என் தங்க மகளுக்கு அம்மா எழுதுவது,

நான் நலமாக இருக்கிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகன் நீச்சலில் இரண்டாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறான். அதைத் தாளில் வரைந்து எனக்கு அனுப்பியிருக்கிறான். முதலில் வந்தவன் இவனைவிட ஒரு முழம் உயரமாம், அதனால் தெருவில் நான் முதல் பரிசு என்றே சொல்லிவருகிறேன். அவன் தங்கை செருப்பைக் கால் மாறாமல் போடப் பழகிவிட்டாள். உன் மகள் கணக்கில் தொண்ணூற்றெட்டு என்று எழுதியிருந்தாய். மீதி இரண்டை வாத்தியார் வீட்டுக்கா கொண்டுபோகப் போகிறார்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. எல்லாருக்கும் மேலே நீ. தலைமை நர்ஸ் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்த வாரம் தெரிந்துவிடும்.

இனி டேப் விஷயம். என் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது நிஜம். அதற்காக முகம் பார்த்துப் பேச, சிலேட்டு மாதிரி இருக்கிற அந்த டேப் வாங்க வேண்டுமா, கடிதம் போதாதா? நீ விடுவதாயில்லை. கடைக்குப் போனேன். நீ சொன்ன இரண்டும் இருக்கின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கடைப் பெண் துறுதுறுவென்று இருக்கிறாள். "ரெண்டையும் கையில எடுத்துப் பாருங்க பாட்டி, கடிக்காது" என்றாள். வலது கையில் கறுப்பையும் இடது கையில் வெள்ளையையும் எடுத்தேன். வெள்ளை கனமாக இருந்தது. கை மாற்றிப் பார்த்தால் கறுப்பு கனம். "ரெண்டும் ஒரே எடைதான் பாட்டி" என்கிறாள். என்ன டேப்போ! வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று நிற்கிறேன்.

உன் பரீட்சை முடியட்டும், பிறகு வாங்கலாமே?

அம்மா

பிப்ரவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

எடையைப் படித்துவிட்டு நானும் உன் மருமகனும் சிரித்தோம். தராசு வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போயிருக்கலாம்.

பரீட்சைக்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்? உன் குரலைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரக்காவைக் கூப்பிட்டு உன்னிடம் கொடுக்கச் சொன்னால், "அம்மா குளிக்கிறாங்க" என்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாய்?

கறுப்பில் சார்ஜ் நாள் முழுக்க நிற்கும், ஆனால் கேமரா மங்கல். வெள்ளையில் முகமும் சத்தமும் பளிச்சென்று இருக்கும். என் ஓட்டு வெள்ளைக்கு. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லம்மா, எனக்குப் படிப்பே ஓடவில்லை.

உன் மகள்

பிப்ரவரி 21

அன்பு மகளுக்கு,

நான்கு தடவை கடைக்குப் போய்விட்டேன். போகும்போது ஒரு மனசு, வரும்போது ஒரு மனசு. "பாட்டி, உங்களுக்கு இங்கேயே ஒரு நாற்காலி போட்டுடறேன்" என்று அந்தப் பெண் கேலி செய்கிறாள்.

கடைசியில் நானே ஒரு சோதனை வைத்தேன். இரண்டிலும் என்னைப் படம் எடுக்கச் சொல்லி, "எதும்மா மங்கல்?" என்று கேட்டேன். "எல்லாரும் எது தெளிவுன்னுதான் கேப்பாங்க" என்று சிரித்தாள். கறுப்புதான் மங்கலாம். அதுவே இருக்கட்டும். பரீட்சைக்குப் படிக்கிறவள் உட்கார்ந்து என் சுருக்கத்தை எண்ண வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா விழுந்தபோது பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். அந்தப் பரீட்சையைத் திரும்ப எழுத உனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. இந்தத் தடவை இங்கே இடியே விழுந்தாலும் நீ எழுத வேண்டும்.

உன் நம்பர் எழுதிய சீட்டைக் கடைப் பெண் வாங்கிக்கொண்டாள். விவரமெல்லாம் உனக்கே அனுப்புகிறாளாம். சார்ஜ் விவரமாக இருக்கும்.

அம்மா

பிப்ரவரி 24, கூரியரில்

அம்மா,

கடைப் பெண் அனுப்பிய விவரம் வந்தது. உன் இரண்டு படங்கள். "எது வேணும்னு நீங்களே சொல்லுங்க அக்கா" என்று கீழே எழுதியிருக்கிறாள்.

ஒன்று மங்கல், ஒன்று தெளிவு. இரண்டிலும் உன் வாய் இடது பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரு டேப் தப்பாகக் காட்டலாம். போட்டிக் கம்பெனிகள் இரண்டு பேசி வைத்துக்கொண்டு ஒரே தப்பைக் காட்டுமா?

உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். எதை எடுத்தாலும் இடது கையில் இருந்ததுதான் உனக்குக் கனத்திருக்கிறது. பதினோரு வருஷமாகப் பக்கவாத வார்டில் வேலை பார்க்கிறவள், என் அம்மா தன் கையால் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன்.

தையல்காரக்கா, "அம்மா சத்தியம் வாங்கிட்டாங்கம்மா" என்று அழுகிறார். போனைக் கொடுங்கள் என்றால் நீ வாங்க மாட்டேன் என்கிறாயாம். என்றைக்கு நடந்தது? எந்த ஆஸ்பத்திரி? என்ன மாத்திரை? ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் பரீட்சையாவது ஒன்றாவது, கிளம்பி வந்துவிடுவேன். பதிலில் பொய் இருந்தாலும் வருவேன்.

மகள்

பிப்ரவரி 27

என் கண்ணுக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில். டிசம்பர் பதினான்கு காலை பல் துலக்கும்போது வாயில் தண்ணீர் நிற்கவில்லை. இடது கையில் இருந்த போன் வாளிக்குள் விழுந்தது, பின்னாலேயே நானும் விழுந்தேன். தையல்காரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எட்டு நாள் இருந்தேன். உன் அண்ணனுக்கும் தெரியாது. மாத்திரைப் பெயர்களை அட்டையைப் பார்த்து, எழுத்து எழுத்தாகப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேச்சு முதலில் குழறியது, அதனால்தான் போனுக்கு வரவில்லை. இப்போது உன்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டது.

நோய்க்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை. நீ தூக்கிக்கொண்டு வரும் அந்தப் பெட்டிக்குத்தான் பயந்தேன்.

இன்று போய் வெள்ளையை வாங்கிவிட்டேன். "உன்னாலதாண்டி மாட்டிக்கிட்டேன்" என்று கடைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். அவள் விஷயம் தெரிந்ததும் கண் கலங்கி, டேப்புக்கு உறை ஒன்றை இலவசமாகப் போட்டுக் கொடுத்தாள். நாளையிலிருந்து நீ வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் என்னைத் தெளிவாகப் பார்த்துக்கொள். கையைத் தூக்கு என்றால் தூக்குகிறேன். பதினோராவது நிமிஷம் அணைத்துவிடுவேன், நீ புத்தகத்தை எடுக்க வேண்டும். பரீட்சை எழுதிவிட்டு வந்து ஒரு மாதம் இரு. அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை, இதைத் தவிர.

இன்னொரு தொல்லை. உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண், கண்ணாடி முன் நின்று காலையும் மாலையும் பல் தெரிய இருபது தடவை சிரிக்கச் சொல்கிறாள். காரணமே இல்லாமல் இருபது தடவை எப்படிச் சிரிப்பது? சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் நீங்கள் மூன்று பேரும் யாரோ அதட்டி நிறுத்தியது போல நிற்கிறீர்கள். அதைப் பார்த்தால் வருகிற சிரிப்பும் போய்விடுகிறது. எல்லாரும் வாய் விட்டுச் சிரிக்கிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அளவில், தபாலில் அனுப்பு.

அம்மா