பீரோவுக்குள் இருந்த மஞ்சப் பொட்டி

ஜெகதாப்பட்டினம்

மாமாவுக்கு,

நல்லாருக்கீங்களான்னு கேக்க வாய் வரல. நம்ம மக பாண்டிமீனா பள்ளிக்கூடம் போறா. உங்க சட்டையை இன்னும் தொவைக்கல.

கடல்ல மாட்டிக்கிட்டா ஆளைக் கூப்பிட போட்டுல மாட்டுன மஞ்சப் பொட்டி, அதுல பாண்டிமீனா வெளையாட்டா பட்டனை அமுக்கிட்டாள்ல? தேடுறதுக்குக் கப்பலே கெளம்பிருச்சு. ஆபீசர் நம்ம வாசலுக்கு வந்து, "உசுருக்கு ஆபத்துன்னா மட்டுந்தான் அமுக்கணும், உலகம் பூரா இதான் சட்டம்"னு ஊரே பாக்க வஞ்சுட்டுப் போனாரு. அந்த வெக்கத்துலதான் பொட்டியைக் கழட்டியாந்து பீரோவுல சேலைக்கு அடியில வச்சேன்.

கடைசியா கெளம்புனப்ப, "பொட்டி போட்டுலதான இருக்கு?"ன்னு கேட்டீங்க. சோறு கட்டிக்கிட்டே ஆமான்னேன். மறந்துபோயிச் சொல்லல மாமா. தெரிஞ்சேதான் சொன்னேன்.

நீங்க கடலுக்குப் போயி இன்னையோட இருபத்திரெண்டு நாளு. தேடுறதை நிறுத்திட்டாங்க. உங்க அண்ணன் உங்களுக்குக் காரியம் செய்ய நாள் பாக்குறாரு. பொட்டி வேலை செஞ்சிருக்காதுன்னு ஊரே அதைத் திட்டுது. நானும் கூடச் சேந்து தலையாட்டுறேன்.

இன்னைக்கிக் காலையில உலை வச்சுட்டு, பொட்டியை வெளிய எடுத்தேன். வாசல்ல கொண்டுபோயி வச்சு, இது கெட்டுப்போயிருக்கணும் தாயேன்னு மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கிட்டு அமுக்குனேன்.

உலை இன்னும் கொதிக்கல மாமா. அதுக்குள்ள, யாருக்கு ஆபத்துன்னு கேட்டு போன் வந்துருச்சு.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி