ரோல்ஸ் கட்சியும் வாஃபல் கட்சியும்

மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று மாலை எதிர்க்கட்சியின் வாஃபல் அப்பத்தைத் தின்றுவிட்டேன். இந்தக் குளிர்தேசத்துக் குரோருட்டில் நம் கட்டடத்துப் பொது அறைக் கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசம் வந்தது. கால் தானாகப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்திருப்பாய்.

அறைக்காக அன்று நடந்த முதல் சண்டையும் இதே வாசத்தில்தான் தொடங்கியது. நாம் ஞாயிறுதோறும் முந்நூற்றிநாலு சீட்டு விளையாடும் அந்த அறையைச் சைக்கிள் நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று மேல்மாடி இங்கர் கிளம்பினாள். குடியிருப்போரின் வருடக் கூட்டத்தில் கையுயர்த்தி முடிவெடுப்பார்கள். அவள் வாஃபல் சுட்டு ஆள் சேர்த்தாள். சீட்டு மேசைக் கூச்சல் அவளைத் தூங்கவிடவில்லையாம். உன் கூச்சல்தான், என்னுடையது இல்லை. அறை போனால் நமக்குப் போக்கிடமில்லை. அந்தச் சத்தத்தோடு எந்த மனைவியும் வீட்டுக்குள் விடமாட்டாள்.

பஸ் ஓட்டாத நேரமெல்லாம் அமெரிக்க அரசியல் கேட்கிறவன் நீ. அந்த நாட்டை வரைபடத்தில் மட்டுமே கண்டவன். ஆனாலும் அங்கே மதுவைத் தடைசெய்ய வைத்த கூட்டத்தைப் பற்றிச் சொந்த மாமன்மாரைப் போலக் கதைப்பாய்.

“அவங்கள் ஆளைப் பாக்கேல்லை, கட்சியைப் பாக்கேல்லை. தேர்தலிலை நிக்கிறவனிட்டை ஒரே கேள்விதான்: குடிக்கு எதிராக் கை தூக்குவியோ, இல்லையோ?”

“அவனே குடிவெறியிலை நிண்டால்?”

“நிக்கட்டும். கை தூக்கினால் காணும்.”

அப்படியே நாமும் கதவு கதவாகப் போனோம், உன் மனைவி பொரித்த ரோல்ஸ் தட்டோடு. அங்கத்தைய ரயில் கம்பனிகள் சட்டம் போடுகிறவர்களுக்குச் சும்மா டிக்கெட் கொடுத்து வளைத்த கதையையும் நீதான் சொல்லியிருந்தாய். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்: “டேய், இதுவும் லஞ்சமெல்லோ?”

“ஒளிச்சுக் குடுத்தால்தான் லஞ்சம். நாங்கள் இங்கரின்ரை கதவையும் தட்டுவம்.”

தட்டினாய். அவள் இரண்டு எடுத்தாள். கையை மட்டும் நமக்குத் தூக்கவில்லை. அறை தப்பியது.

உன் செத்தவீட்டுக்கு அழுதுகொண்டு வாஃபல் கொண்டுவந்த அதே இங்கர், இந்த வருடம் மறுபடியும் சைக்கிள் கோரிக்கையோடு வந்தாள். உன் கதிரையில் இப்போது வேறொருவன் இருந்து சீட்டுப் பிடிக்கிறான். துருப்புக் கேட்கவே பயப்படுகிறான். அவனுக்காகவாவது அந்த அறை இருக்க வேண்டுமென்று தட்டைத் தனியாகத் தூக்கினேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அமெரிக்காவில் தெரிந்தது உன்னுடைய அந்த ஒரு கேள்விதான். ஒவ்வொரு கதவிலும் அதை மட்டும் கேட்டேன்: அறைக்குக் கை தூக்குவியோ, இல்லையோ? உன் பெயரைச் சொல்லி மூக்கைச் சிந்தவும் யோசித்திருந்தேன். ரோல்ஸே போதுமாக இருந்தது.

இன்றைய கூட்டத்தில் அறை தப்பியது. சைக்கிளுக்கு ஆதரவாக எண்ணப்பட்ட கைகளில் ஒன்று என்னுடையது. வாஃபலுக்கு ஜாம் கேட்டுத்தான் அதைத் தூக்கியிருந்தேன்.