பன்றிக்குட்டியின் அம்மா

தங்கச்சி,

என் பிள்ளையை நார்வேக்காரர்களிடம் பிடித்துக் கொடுத்தது நீதான்.

வீடு பார்க்க வந்த குழந்தைநல அதிகாரி, "என்ன அழகு இவன்!" என்றாள். எனக்குப் பகீரென்றது. கைக்குழந்தையை அழகென்றால் ஆவி தூக்கிப் போய்விடும் என்றுதானே வியட்நாமில் நாம் வளர்ந்தோம்? "அழகாவது! மூஞ்சியப் பாரு, பன்னிக்குட்டி!" என்றேன். மொழிபெயர்க்க வந்த நீ அதை அப்படியே அவளிடம் சொன்னாய். காரணத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் அவனைத் தூக்கிப் போய்விட்டார்கள். தாய்க்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லையாம். பால் கட்டி வலிக்கிறது. இன்னும் நம்ப முடியவில்லை.

"சொன்னதச் சொல்றதுதான்க்கா என் வேலை" என்றாய். உன் மகளை வீட்டில் எலிக்குட்டி என்றுதானே கூப்பிடுகிறாய்?

வெள்ளிக்கிழமை விசாரணை. ஏன் அப்படிக் கூப்பிடுகிறாய் என்று நீதிபதியிடம் சொல். வருவாயா?

பன்றிக்குட்டியின் அம்மா