குடத்த எங்க எறக்கி வெப்பீங்க?

அக்கா,

இன்றைக்கு மதியம் உங்கள் பேர் என் போனில் வந்தது. நீங்கள் போன பிறகு முதல் தடவை!

டோல்கேட்டில் நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். பாக்கெட்டில் என் போன் அதிர்ந்தது. 'இந்தக் கட்டுரையைப் புதிதாக ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்' என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கான தளம் அனுப்பிய செய்தி. கீழே உங்கள் பேர். நான் கத்திய கத்தலில் போனுக்குச் சொந்தக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டார். ஓனர் அண்ணன் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சி? ஷாக் அட்ச்சிச்சா?"

"எங்க அக்காவுக்கு சைட்டேஷன் வந்துகீதுண்ணா!"

"அய்யய்யோ, எந்த ஆஸ்பத்திரில சேத்துகீறாங்கோ?"

சிரிக்காதீர்கள். அவருக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். ஒருவர் செய்த ஆராய்ச்சியை இன்னொருவர் தன் ஆராய்ச்சியில் பேர் சொல்லிக் குறிப்பிட்டால் அது சைட்டேஷன். சினிமாக்காரருக்கு வசூல் மாதிரி உங்கள் ஆட்களுக்கு இது. "அப்ப அந்தம்மா இப்ப இல்லியே, வசூலு மட்டும் வருதா?" என்றார் அண்ணன்.

ஆனால் அந்தப் புதுக் கட்டுரையை நான் உடனே திறக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். படிக்காமல் கொண்டாடினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பிளாக்கு முழுக்க ஃபிளெக்ஸ் பேனர் அடித்துப் பார்த்தவள் நான்.

எர்ணாவூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு பிளாக்குக்கு நீங்கள் முதலில் வந்த காலை அப்படியே கண்ணில் நிற்கிறது. கையில் டேப்லெட். கழுத்தில் மருத்துவக் கல்லூரி அடையாள அட்டை. பெண்களை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டீர்கள்: "மேடான வழியில் நடக்கும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?"

அம்மா யோசித்தாள். "இங்க ஏதும்மா மேடு? மேம்பாலம் ஒண்ணு கீது. அதும்மேல நாங்க இன்னாத்துக்கு நடக்கப் போறோம்?"

எல்லோரும் இல்லை, இல்லை, இல்லை என்றே சொன்னார்கள். உங்கள் டேப்லெட்டின்படி உலகத்திலேயே நல்ல நுரையீரல் எங்களுடையதுதான். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்றடித்தால் துணி காயப்போட யோசிக்கிற ஜனம்!

அப்போது தண்ணி லாரி ஹாரன் அடித்தது. உங்களை அம்போ என்று விட்டுவிட்டு எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள். என் கையிலிருந்த குடத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். "குடு, நானும் ராயபுரத்துப் பொண்ணுதான். கொடம் தூக்காமயா வளந்தேன்?" அதுவரை புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் அந்த நொடியில் எங்கள் ஆள் ஆகிவிட்டீர்கள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். அம்மாவும் அங்கேதான் இறக்கியிருந்தாள். பக்கத்து வீட்டு செல்வி அத்தையும் அங்கேதான். சிமென்ட் தரையில் வட்ட வட்டமாக ஈரத் தடம், ஒன்றின் மேல் ஒன்றாக.

"இன்னா டாக்டரம்மா, ஒரு கொடத்துக்கே புட்டுக்கிச்சா?" என்றாள் அம்மா.

"எனக்குப் புட்டுக்கிச்சி. நீங்க ஏன் நின்னுட்டீங்கோ?"

"பேசறதுக்குத்தான். டெய்லி இங்கதான் பேசுவோம்."

"மூணாவது மாடிலதானே வூடு? வூட்டாண்ட போயி, ஃபேனப் போட்டுகினு, குந்திகினு பேசலாமே?"

அம்மா முந்தானையால் குடத்தின் வாயைத் துடைத்தாள். "கொயந்த மாதிரி கேக்குது பாரு" என்று செல்வி அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அது நிற்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நீங்கள் மட்டும் அவளைப் பார்க்காமல் தரையிலிருந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதை வம்பு பேசுகிற இடம் என்றுதான் பிளாக்கே நினைத்திருந்தது, அக்கா. பேசுகிறவர்களும்கூட.

அடுத்த முறை வந்தபோது டேப்லெட்டில் மேடு இல்லை. வேறு கேள்வி இருந்தது. "குடத்த எங்க எறக்கி வெப்பீங்க?" அவ்வளவுதான். மூச்சு என்ற பேச்சே இல்லை. பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஒருத்தி முதல் மாடி, ஒருத்தி இரண்டாவது. "முன்னல்லாம் நான் நிக்கவே மாட்டேன், நேரா மேலதான்" என்று சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும் ஜனம், குடத்தைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாது. நீங்கள்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்யவைத்தீர்கள். அன்றைக்கு மூச்சுக்காக வாயில் வைத்து அடிக்கிற பம்பைக் கொடுத்தார்கள். அது இன்னும் அவள் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அதன் பிறகு உங்கள் கட்டுரை வெளிவந்ததை நானேதான் நெட்டில் கண்டுபிடித்தேன். சும்மா எங்கள் ஏரியா பேரைத் தட்டித் தேடியபோது வந்து விழுந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையில் எங்கள் படிக்கட்டு! எங்கள் குடம்! ஒவ்வொரு வார்த்தையாகப் பொருள் பார்த்து, புரியாததற்கு வீடியோ பார்த்து, முதல் பக்கத்தை முடிக்கவே பல நாள் ஆனது. உங்களுக்குச் செய்தி அனுப்பினேன்: 'உங்கள் ரசிகர் மன்றம் ஆரம்பித்துவிட்டேன்.' நீங்கள் பதில் போட்டீர்கள்: 'யாரு தாயே நீ?'

அன்றிலிருந்து நான் தலைவி. வசூல் மட்டும் பூஜ்யம். படம் ரிலீஸ் ஆகியும் டிக்கெட் கிழிக்க ஆளில்லாத தியேட்டர் மாதிரி அந்தப் பூஜ்யம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. போன் பண்ணினால், "இன்னா தலைவி, கலெக்ஷன் எப்டி கீது?" என்பீர்கள். "பிக்கப் ஆவும்கா" என்பேன்.

ஒருநாள் அது ஒன்று ஆனது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கட்டுரை! எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் சந்தோஷம் என்றால் ஃபிளெக்ஸ்தான். மஞ்சள் நீராட்டோ, மந்திரியோ, செத்துப்போன மாமாவோ, யாராயிருந்தாலும் ஃபிளெக்ஸ். கல்லூரித் தளத்திலிருந்து உங்கள் விறைத்த படத்தை எடுத்து, 'வெளிநாடே வியந்து மேற்கோள் காட்டிய எங்கள் மூச்சே, வருக!' என்று போட்டு, கீழே வழக்கம்போல வாழ்த்துவோர் முகங்கள். பிளாக்குப் பெண்கள் அத்தனை பேரும். அம்மா ரேஷன் கார்டு படத்தைத் தர மறுத்து, பூ வைத்துக்கொண்டு புதிதாக எடுத்துக்கொண்டாள்.

நீங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பையன்கள் சரவெடியைப் பற்றவைத்தார்கள்.

"நொறையீரல் டாக்டருக்கு பட்டாசா வெடிக்கிறீங்கோ?" என்று இருமிக்கொண்டே வந்தீர்கள். அப்புறம் ஃபிளெக்ஸைப் பார்த்தீர்கள். "இன்னா தலைவி, என்னிய எலெக்ஷன்ல நிக்க வெச்சிட்டியா?" சிரித்து முடித்துவிட்டுத்தான் கேட்டீர்கள்: "அவுங்க எய்துன பேப்பர படிச்சியா?"

"மொத பக்கம் படிச்சேன்கா."

"உள்ள என்னிய கிய்ச்சி தொங்க வுட்டுகீறாங்க."

உண்மைதான். 'இந்தக் கேள்வி ஒரு குடியிருப்பின் ஒரு படிக்கட்டுக்கு மட்டுமே பொருந்தும். வேறெங்கும் பயன்படாது' என்று எழுதியிருந்தார்கள். உங்களை மேற்கோள் காட்டியதே அதற்குத்தான். எனக்கு ஏணியில் ஏறி அந்த ஃபிளெக்ஸைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது. நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இருக்கட்டும். படிக்காம பாராட்டினவங்க நெறிய பேரு. இவுங்க கடைசி வரிக்கும் படிச்சிட்டு திட்டிகீறாங்க. அது பெரிய மரியாதிடி."

பிறகு இரண்டாவது மாடியில், குட வட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். அங்கேதான் உங்கள் குரலைச் சிரிப்பில்லாமல் முதல் தடவையாகக் கேட்டேன். "அவுங்க சொல்றதுலயும் நாயம் கீது. வேற ஊருல குடமே தூக்கலன்னா? என் கேள்வி இந்தப் படிய வுட்டு எறங்குமா, இல்ல என்னோடவே முடிஞ்சிடுமானு எனக்கே தெரில."

"எறங்கும்கா!"

"நீ மன்றத் தலைவி. நீ அப்டிதான் சொல்லுவ."

வேறு ஊர்களில் கேட்டுப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் அந்த நெஞ்சுவலி. ராயபுரத்து மாதா கோயிலில் அடக்கப் பூசை முடிந்து உங்கள் பெட்டியைத் தூக்கியபோது, எங்கள் பிளாக்குப் பெண்கள் கூட்டமாக நின்றோம். தெரிந்த ஜெபம் எதுவும் இல்லாததால் அம்மா வெறுமனே "டாக்டரம்மா, டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிளெக்ஸ் இப்போது மொட்டை மாடியில் தண்ணீர் டிரம்மை மூடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஃபிளெக்ஸ் சாவதில்லை அக்கா. வெயிலில் உங்கள் முகம் வெளுத்திருக்கிறது. 'மூச்சே' மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் இடம் கிடைத்த பிறகுதான் அந்தக் கட்டுரையைத் திறந்தேன். முதல் வரியிலிருந்து. உங்கள் பேரை மட்டும் தேடித் தாவவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது உங்கள் பேர் வந்தது.

மலை அக்கா! தேயிலைத் தோட்டம்! நிஜமான மேடு! அங்கே இருக்கிற பெண்களிடம் போய் 'மேடான வழியில் மூச்சு வாங்குகிறதா' என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை என்றிருக்கிறார்கள். மலையிலேயே பிறந்தவர்களுக்கு அது மேடே இல்லையாம். பிறகு உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேள்வியை மாற்றியிருக்கிறார்கள்: 'கொழுந்துக் கூடையை எங்கே இறக்கி வைப்பீர்கள்?' உடனே பதில்கள் வந்துவிட்டனவாம். 'இந்த வழியை எங்களுக்குக் காட்டியது ஒரு துறைமுக நகரத்தின் படிக்கட்டு' என்று எழுதியிருக்கிறார்கள். உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்.

அழுதுகொண்டே சிரித்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னா பாப்பா, ஓகே சொல்ட்டானா?"

"சொல்ட்டாங்கண்ணா!" என்றேன்.

வந்து இறங்கியபோது தண்ணி லாரி நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது மாடியில் அம்மா, செல்வி அத்தை, குடங்கள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்க இன்னாத்துக்கு நிக்கிறாங்களாம்?" என்றாள் அம்மா.

"வெத்தல போடறதுக்காம்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "பொய் சொல்றாளுங்கோ. மூச்சு வாங்குது, அதான்."

அப்போது நாங்கள் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கும். செல்வி அத்தை உடனே புது ஃபிளெக்ஸ் என்றாள். பழையதையே கழுவிக் கட்டலாம், 'மலையே வியந்து' என்று மேலே ஒட்டிவிடலாம் என்றாள் அம்மா. அது நடக்கும், பாருங்கள். இந்த முறை முழுக்கப் படித்துவிட்டேன்.

அவர்களை விட்டுவிட்டு, லாரிக்குப் பக்கத்தில் அம்மா நிரப்பி வைத்திருந்த என் குடத்தை எடுக்கக் கீழே இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள். குடம் தரையில் இருந்தது, கையில் போன். "இன்னா, நின்னுட்ட?" என்றேன்.

"சும்மாக்கா. போன் பாக்கறதுக்குத்தான்."

திரை அணைந்திருந்தது, அக்கா.

நான் போகவில்லை. அவள் குடத்தின் ஈர வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களை மாதிரியே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"எப்பலேந்து இங்க எறக்கி வெக்கிற?"