முழங்காலில் பிடித்த முன்சில்லு

மிஸ்ஸி,

இன்று காலை வகுப்பில் சிவப்புப் பேனாவைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். பேனாவுக்குப் பதிலாக ஸ்பானர் கையில் வந்தது. விரலெல்லாம் கிரீஸ். கவனிக்காமல் கணிதக் கொப்பியைத் தொட்டதில், ஒரு பிள்ளை எழுதியிருந்த விடைக்கு மேல் என் பெருவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. "டீச்சர், இது சரியா பிழையா?" என்று அவள் கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.

அந்த மணம் உங்களுடையது. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பார்க்கும் மருத்துவமாதுக்கு மருந்து மணம் இருப்பதுதான் முறை. உங்களுக்கு மருந்தோடு கிரீசும் சேர்ந்து மணக்கும். முதல்முதல் படகில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இந்தப் பெண் வீட்டில் ஏதோ மெஷின் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

பெற்றோல் இல்லாமல் போன வருடம் அது. நான் நகரத்திலிருந்து படகில் மூதூருக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துச் சம்பூர்ப் பக்கத்திலுள்ள பாடசாலைக்குப் போய்வந்தேன். பஸ் நின்றது. படகுக்கு மட்டும் டீசல் ஒதுக்கிக் கொடுத்தார்கள். காலையில் ஒரு தடவை போகும், பின்னேரம் ஒரு தடவை வரும். மூதூர் இறங்குதுறையில் இறங்கினால் அதற்கப்பால் நடைதான். இரண்டு நாள் நடந்து பார்த்தேன். நான் போய்ச் சேரும்போது பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு நான் ஒருத்திதான். பரீட்சை எழுத வேண்டிய வகுப்பு வேறு. மூன்றாம் நாள், மருத்துவ விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவோம் என்று முடிவெடுத்து, கடைசித் தடவையாகத்தான் துறைக்கு வந்தேன்.

அங்கே நீங்கள் சண்டை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சண்டை என்றால் சத்தம் இல்லாத சண்டை. ஒரு கையில் சைக்கிள், மறு கையில் குழந்தைகளை நிறுக்கும் தராசு. எதிரே, நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடும் படகோட்டி.

"ஆளை ஏத்துறதா, கம்பிய ஏத்துறதா? ஏலா மிஸ்ஸி. ஹேண்டில் இவ்வளவு அகலம். நாலு பேர் நிக்கிற இடத்தப் புடிக்கும்."

"அஞ்சு நிமிசம் தாங்க நானா. அதுக்குப் பொறகு ஏலா எண்டா நான் நடந்து போறன்."

தராசுப் பைக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்தீர்கள். ஹேண்டிலின் நடு நட்டைத் தளர்த்தி, கல்லால் ஒரு தட்டுத் தட்டி, ஹேண்டிலைச் சைக்கிளின் உடம்போடு ஒட்டத் திருப்பினீர்கள். அகலமாக நின்ற சைக்கிள் பலகை போல ஒடுங்கிவிட்டது. படகின் ஓரக் கம்பியில் சாய்த்துக் கட்டிக் காட்டினீர்கள். நானா தலையைச் சொறிந்தார். "ஏழு சைக்கிள். அதுக்கு மேல ஒண்டும் ஏறா" என்றார்.

நீங்கள் உடனே திரும்பி, அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "டீச்சர், உங்களுக்கு ஒண்டு புடிச்சு வைக்கட்டா?"

சேலையோடு சைக்கிளா என்று கேட்டேன். பாடசாலைக் காலத்துக்குப் பிறகு ஏறியதில்லை என்றேன். நாற்பது வயதில் விழுந்தால் ஊர் சிரிக்கும் என்றேன். எனக்கும் அதே வயதுதான் என்றீர்கள். "கால் மறக்காது டீச்சர். மனசுதான் மறந்த மாதிரி நடிக்கும்." அடுத்த நாள் காலை, தங்கச்சி வீட்டில் தூசி படிந்து கிடந்த லேடீஸ் சைக்கிளோடு நான் வந்தபோது, ஒரு பழைய வலைத்துண்டைக் கொண்டுவந்திருந்தீர்கள். இறக்கக்கண்டியில் மீன் பிடிக்கும் உங்கள் சொந்தக்காரர் கழித்துவிட்ட வலை. அதைப் பின்சில்லின் இரு பக்கமும் இழுத்துக் கட்டினீர்கள், சேலை சிக்காமல் இருக்க. "மீன் உள்ள போகக்கூடாது" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். அன்று முதல் பாடத்துக்கு மணி அடிக்க முன்னரே நான் வகுப்பில் நின்றேன். அதிபர் மணிக்கூட்டைத் தட்டிப் பார்த்தார்.

உங்கள் சட்டம் ஒன்றுதான். மூதூரில் இறங்கியதும் ஹேண்டிலை நேராக்கி நட்டை இறுக்க வேண்டும். பிறகு சைக்கிளுக்கு முன்னால் நின்று, முன்சில்லை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அது அசையாவிட்டால்தான் ஏறலாம். இதனால் உங்கள் வெள்ளை உடுப்பில் முழங்கால் இருக்கும் இடம் இரண்டிலும் எப்போதும் டயர்க் கறை. "தேசிக்காய்ப் புளி தேச்சும் போகுதில்ல" என்று அலுத்துக்கொள்வீர்கள். அலுப்பு வாயில்தான், முகத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

ஏழு சைக்கிளுக்கும் ஸ்பானர் ஒன்றுதான். அது உங்கள் கையில். வரிசையில் நிற்க வேண்டும். இதை எழுதத்தான் இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

தவணைப் பரீட்சை தொடங்கும் நாள். வினாத்தாள்கள் என் பையில். படகு பிந்திவிட்டது. வரிசையில் நான் ஏழாவது. நீங்கள் ஆறாவது சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறுமை இல்லை. ஹேண்டிலைக் கையால் நேராகத் தள்ளினேன், நின்றது. இது போதும் என்று ஏறிவிட்டேன்.

துறையின் வாசலில் ஒரு வளைவு. நான் ஹேண்டிலைத் திருப்பினேன். அது நல்ல பிள்ளை மாதிரித் திரும்பியது. சில்லு திரும்பவில்லை. நேரே எதிரில், நகரத்துக்குப் போகக் காத்திருந்த தயிர்ச் சட்டிகள்.

எத்தனை சட்டி உடைந்தது என்று எனக்குத் தெரியாது. தலையிலிருந்து கால்வரை தயிர். வினாத்தாள் பை மட்டும் எப்படியோ தூரப்போய் விழுந்து தப்பியது. தயிர்க்காரர் கத்தினார். துறையில் நின்றவர்கள் முதலில் பதறி, நான் எழும்பியதும் சிரித்தார்கள். நானா படகிலிருந்து குதித்து வந்தார்.

"நான் அண்டைக்கே சொன்னன். நாளையில இருந்து ஒரு சைக்கிளும் ஏறா. ஆரு இத இறுக்கின?"

நான் வாயைத் திறக்கவில்லை. நானில்லை என்று சொல்லவும் இல்லை, நான்தான் என்று சொல்லவும் இல்லை. முகத்தில் வழிந்த தயிரைத் துடைப்பதே பெரிய வேலை போலத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் நானா" என்றீர்கள். "அவசரத்துல சரியா இறுக்கல்ல."

அவருடைய மகளின் பிள்ளைப்பேறு முழுவதையும் பார்த்தவர் நீங்கள். உங்களை எதிர்த்து ஒரு சொல் அவர் வாயில் வராது. கொஞ்சம் முறைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இனி எல்லாச் சைக்கிளையும் நீங்களே சோதிச்சுத்தான் விடணும். ஒண்டு விழுந்தாலும் எல்லாத்தையும் நிப்பாட்டிருவன்." நீங்கள் தலையாட்டிவிட்டு, குந்தி இருந்து சட்டி ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினீர்கள். பொறுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "போங்க டீச்சர், பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கும். எண்ட கர்ப்பிணித் தாய்மார் எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க."

நான் போனேன். தயிர் காய்ந்த சேலையோடு பரீட்சை மேற்பார்வை செய்தேன். பின்னேரம் படகில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, அன்று நிறை பார்த்த குழந்தைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே இறங்கிப் போனேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஏழு சைக்கிளையும் ஒவ்வொன்றாக முழங்காலில் பிடித்துப் பார்த்து, மற்றவர்களை அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக நீங்கள் புறப்பட்டீர்கள். என் அவசரத்துக்கு உங்கள் நேரம் போனது.

ஏழு சைக்கிளோடு உங்களுக்குத் திருப்தி வரவில்லை. நிறை பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் குழந்தையின் நிறையைச் சொன்ன கையோடு தாய்க்குச் சைக்கிளைப் பற்றிச் சொன்னீர்கள். "கிளினிக்குக்கு வர ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்ல, மகள்." சனிக்கிழமைகளில் மூதூர் மைதானத்தின் ஓரத்தில், பிள்ளைகளை ஒரு பாயில் இருத்திவிட்டுத் தாய்மார் சைக்கிள் பழகினார்கள். வேலிக்கு வெளியே நின்று சிரித்த ஆண்களை உள்ளே கூப்பிட்டு, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்னீர்கள். இரண்டு சுற்று ஓடியபின் ஒருவரும் சிரிக்கவில்லை. துறையில் ஒட்ட அறிவித்தல் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் பாடப்புத்தகத் தமிழில் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதினேன். "சைக்கிள் எண்டு எழுதுங்க டீச்சர். ஆக்கள் கவுண்மெந்து ஏதோ புது வண்டி குடுக்குது எண்டு வந்து நிப்பாங்க."

பிறகு பெற்றோல் வந்தது. மைதானம் மெல்ல மெல்ல வெறுமையானது. எல்லோரும் பழையபடி ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போனார்கள். எனக்குக் கோபம், உங்களுக்கு இல்லை. "ஏறத் தெரிஞ்சாக்கள் தெரிஞ்சாக்கள்தானே" என்றீர்கள். படகில் உங்களைத் தவிர நால்வர் மிஞ்சினோம். நானும் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று யோசித்தேன். வாங்கவில்லை. வரிசையில் நின்று உங்களிடம் என் சைக்கிளைக் கொடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நோயை எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. லீவு என்றீர்கள். லீவு நீண்டது. நீங்கள் வரும்வரைதானே என்று நானா விட்டுவிட, நாங்கள் ஒரு இரவல் ஸ்பானரோடு சமாளித்தோம். ஒரு காலையில் நானா படகை எடுக்காமல், கயிற்றைப் பிடித்தபடி நின்று, "மிஸ்ஸி மௌத்தாயிட்டாவாம்" என்றார். நாங்கள் நால்வரும் ஹேண்டில் திருப்பிய சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் உம்மா என் கையைப் பிடித்து, "தயிர் டீச்சர்தானே நீங்க?" என்று கேட்டார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். விழுந்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

போன கிழமை நானா எங்களைக் கூப்பிட்டார். "சோதிக்கிற ஆள் இல்ல. திங்கக்கிழமையில இருந்து சைக்கிள் வேணாம்" என்றார். மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி மைதானத்தில் பழகி, பிறகு நகரத்துக்குக் குடிவந்தவள். சைக்கிள் இல்லாவிட்டால் அவளுடைய வேலை போகும். இந்தத் தடவை நான் வாயைத் திறந்தேன்.

"நானா, நான் சோதிக்கிறன். அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்குத் தயிர்ச் சட்டிக்குள்ள விழேக்க, மிஸ்ஸியில பிழையில்லை. நான்தான் இறுக்காமல் ஏறினனான்."

நானா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "தெரியும் டீச்சர். நான் மேல நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்தன். அவட ஸ்பானர் அப்ப மத்த சைக்கிள்ல."

"பிறகு ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"மிஸ்ஸி என்னைப் பாத்த பார்வை அப்புடி. 'டீச்சர் வராம நிண்டா அந்தப் பிள்ளையளுக்குக் கணக்கு நிண்டு போகும், விட்டிருங்க நானா' எண்டு பொறகு வந்து சொன்னா." சுக்கானுக்குக் கீழேயுள்ள பெட்டியைத் திறந்தார். வலைத்துண்டில் சுற்றிய ஸ்பானரை எடுத்து நீட்டினார். "கடைசியா வந்த அண்டைக்குத் தந்துட்டுப் போனது. டீச்சர் கேட்டா குடுங்க எண்டா. நீங்க கேக்க இவ்வளவு நாளாயிட்டு."

நன்றி என்று ஒருநாளும் உங்களிடம் சொன்னதில்லை, மிஸ்ஸி. என் வேலை, அந்த வகுப்பு, இந்த நான்கு சைக்கிள், நாற்பது வயதில் எனக்குக் கிடைத்த தோழி, எல்லாவற்றுக்கும் இப்போது சொல்கிறேன். கேட்டால் "போங்க டீச்சர்" என்றுதான் சொல்வீர்கள்.

திங்கட்கிழமை நான்கு சைக்கிளும் ஏறின. இறங்கியதும் ஒவ்வொன்றாக முன்சில்லை முழங்காலில் பிடித்து முறுக்கிப் பார்த்து அனுப்பினேன். கடைசியாக என்னுடையது. பாடசாலை வாசலில் அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், சேலையில என்ன ரெண்டு கறுப்பு?"

"இறங்குதுறையில் பட்டது, சேர்" என்றேன். தேசிக்காய் தேய்க்கவில்லை, மிஸ்ஸி.